பருவ உணவும் உடல் எடையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டனர். தொல்காப்பியம் அப்பொழுதுகளைத் திணைகளுக்கு உரியனவாக்கிக் கூறியது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என உரையாசிரியர்கள் அவற்றுக்குத் திங்கள்களை வகுத்தளித்தனர். தேர்வுக்காக மாணவர் மனப்பாடம் செய்யும் இப்பகுப்பு அகத்திணைக்கு மட்டுமன்றி அடுக்களைக்கும் பொருந்துவதாகும். எந்தத் திங்களில் எது விளையும், எது மலியும் என்பதை அறிந்தே நம் முன்னோர் உலை வைத்தனர். அந்த அறிவு, இன்று உடல் எடையைக் குறைக்க விழைவோர்க்கு எங்கே துணை செய்யும், எங்கே துணை செய்யாது என்பதை நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து விளைபொருள்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடை பற்றிய கவலை பட்டணத்துச் செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் மாறிவிட்டது. 2015-16ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மீறிய எடையுடையோராயிருந்தனர். 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் அத்தொகை 40ஐத் தாண்டியது. ஆடவரில் அது 37. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2023இல் வெளியாயின. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு உடையோர் என்றும், புதுச்சேரியில் அது 26 பேருக்கு மேல் என்றும் அவை கூறின. புதுச்சேரி நமக்கு அயல்நாடன்று. நம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டி நிற்கும் ஊர். அங்கே உண்ணும் சோறும் குழம்பும் நாம் உண்பவையே. எனவே அந்த எண்ணை நமக்கு அறிவிக்கப்பட்ட எண்ணாகவே கொள்ளுதல் தகும்.

இந்தியரின் உடலமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. மேலைநாட்டார் 30 என்னும் உடல் நிறைக் குறியீட்டெண்ணில் எய்தும் கேடுகளை நம்மவர் 25இலேயே எய்திவிடுகின்றனர். கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே இவ்வெண். நம்மவர்க்கு அது 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்பர் மருத்துவர். கை கால்கள் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளி நிற்பது நம் நாட்டுப் பருமனின் அடையாளம். ஆகையால் தராசைக் காட்டிலும் அளவுநாடா நமக்கு உண்மை கூறும். ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. என்பதே எல்லை.

இந்நிலையில், பருவத்தில் விளைவது எதுவாயினும் அது உடலை இளைக்கச் செய்யும் என்றொரு நம்பிக்கை இப்போது பரவலாக உள்ளது. அழகிய நம்பிக்கைதான், ஆனால் உண்மையன்று. மக்களை இளைக்கச் செய்வதற்கென்று இயற்கை எதையும் விளைவிப்பதில்லை. அறுவடைக்காலம் என்பது பண்டு மனிதன் கொழுத்த காலம்; வறண்ட திங்கள்கள் வருமுன் உடலிலேயே அவன் சேமித்துக்கொண்ட காலம். வறண்ட திங்கள்கள் இன்று நமக்கு வருவதில்லை. நியாயவிலைக் கடையும் மளிகைக் கடையும் ஆண்டு முழுதும் திறந்திருக்கின்றன. சேமிப்பு மட்டும் தொடர்கின்றது. ஆதலால் பருவ உணவுகளுள் எது நீரும் நாரும் மிக்கது, எது மாவும் எண்ணெயும் மிக்கது என்று பிரித்தறிந்தே கைக்கொள்ள வேண்டும்.

இதனை விளக்க நம் வட்டாரத்துப் பனையைக் காட்டிலும் சிறந்த சான்றில்லை. தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனை, விக்கிரவாண்டி, செஞ்சி, மரக்காணம் பக்கங்களில் ஏரிக்கரைதோறும் வரிசை வரிசையாய் நிற்கக் காணலாம். பூரிகுடிசை போன்ற ஊர்களில் பனையேறும் தொழில் இன்றும் உயிரோடிருக்கின்றது. ஒரே மரம் ஓராண்டின் வெவ்வேறு பொழுதுகளில் தருவனவற்றைப் பாருங்கள். இளவேனிலில் நுங்கு. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறையாமல் நீரே உள்ளது; 100 கிராம் நுங்கில் ஏறத்தாழ 40 கலோரிதான். நான்கைந்து நுங்குகளை மேல்தோலோடு உண்டவனுக்கு வயிறு நிறைகின்றது. தோலில் உள்ள துவர்ப்பும் நாரும் அந்நிறைவை நீட்டிக்கின்றன. அதே நுங்கு குலையிலேயே விடப்பட்டால் ஆடி, ஆவணியில் பனம்பழமாகின்றது, இனிப்பும் கூடுகின்றது. பழம் தின்ற பின் கொட்டையை மண்ணில் புதைத்தால் மார்கழி, தையில் கிழங்காகின்றது. நாரோடு மாவுச்சத்தும் நிறைந்த கிழங்கு. நீராயிருந்தது இனிப்பாகி, இனிப்பு மாவாகி நிற்கும் இவ்வரிசையில், இளைக்க விழைவோன் நுங்கை விரும்பிய அளவு உண்ணலாம். கிழங்கைச் சோற்றுக்கு மாற்றாக மட்டுமே உண்ணவேண்டும். இரண்டும் பருவ உணவுகளே. இரண்டும் இம்மண்ணின் உணவுகளே. அளவு மட்டும் வேறு.

பதநீரின் கதையும் இத்தகையதே. வைகறையில் இறக்கிய பதநீர் நல்ல பானம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. ஒரு குவளை பதநீரில் நான்கைந்து தேக்கரண்டிச் சர்க்கரை அடங்கியுள்ளது. அதைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டி வெள்ளைச் சர்க்கரையினும் சில தாதுக்கள் மிகுந்தது. ஆயின் எடையைப் பொறுத்தமட்டில் அதன் உடன்பிறப்பே. கருப்பட்டிக் காப்பி என்று பெயர் சூட்டிவிட்டால் கலோரி குறைந்துவிடாது. நன்னாரி சர்பத்தில் நுங்கை மிதக்கவிட்டு விற்கும் வழக்கமும் பெருகிவிட்டது. நுங்கு சேர்க்காத எடையைச் சர்பத் சேர்த்துவிடுகின்றது.

கோடையின் மற்றொரு கொடை தர்ப்பூசணி. மாசி பிற்பகுதி தொடங்கித் திண்டிவனம், மரக்காணம், வானூர்ப் பகுதி வயல்களிலிருந்து வரும் காய்கள் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து கிடப்பதை, சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே செல்லும் பயணியர் அனைவரும் அறிவர். 100 கிராம் தர்ப்பூசணியில் 30 கலோரிக்கு மேல் இல்லை. எஞ்சியது பெரும்பாலும் நீரே. உணவுக்கு அரைமணி நேரத்திற்கு முன் இரண்டு கீற்று உண்டவன் சோற்றைக் குறைத்தே உண்பான். உணவுக்குப் பின் உண்டால் அப்பயனில்லை. நீரிழிவு உடையோர் இதனையும் அளவறிந்தே கொள்ளவேண்டும். அதன் இனிப்பு விரைவில் குருதியிற் கலப்பது. 2025ஆம் ஆண்டுக் கோடையில், தர்ப்பூசணியில் சாயம் ஏற்றப்படுகின்றது என்றொரு பேச்சு பரவி, வாங்குவோர் அஞ்சி ஒதுங்க, விலை சரிந்து நம் பகுதி உழவர் பெருந்துயருற்றனர். பழத்தின் செந்நிறம் அதன் இயல்பான நிறமே. ஆய்ந்து பாராமல் பரப்பப்பட்ட அச்சத்தால் உழவன் காசை இழந்தான்; மக்களோ கோடையின் மலிவான, எடை கூட்டாத உணவை விட்டுப் புட்டிப் பானங்களின் பக்கம் சென்றனர். அப்புட்டிகளில் சாயமும் உண்டு, சர்க்கரையும் உண்டு என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி வேர்க்கடலைக்கு வருவோம். திண்டிவனத்தின் பெயரை இந்திய வேளாண்மை வரலாற்றில் பொறித்தது இக்கடலையே. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இரகங்கள் டி.எம்.வி. என்னும் எழுத்துகளைத் தாங்கி நாடெங்கும் சென்றன. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பன. 1940இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 பல மாநிலங்களில் பல்லாண்டுகள் பயிரிடப்பட்டது. மானாவாரியில் ஆனி, ஆடியில் விதைத்துப் புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்குவதும், இறவையில் மார்கழியில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் பிடுங்குவதும் நம் பக்கத்து வழக்கம்.

உலர்ந்த கடலைப்பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெயே. 100 கிராமில் 550 கலோரி அளவிற்கு ஆற்றல் உண்டு; அதாவது அதே எடையுள்ள தர்ப்பூசணியைப் போல் பதினெட்டு மடங்கு. அப்படியாயின் இளைக்க விழைவோன் கடலையைத் தொடவே கூடாதா? அவ்வாறன்று. கடலையில் புரதமும் நாரும் மிகுதி. ஒரு கைப்பிடி உண்டால் நெடுநேரம் பசி எடுப்பதில்லை. இங்குதான் பருவத்தின் நுட்பம் விளங்குகின்றது. பிடுங்கிய சில நாளில் ஓட்டோடு அவித்த பச்சைக்கடலையில் நீர் மிகுதியாதலால், அதே எடை வறுகடலையினும் கலோரி வெகுவாகக் குறைவு. மேலும் ஒவ்வொரு காயாக உடைத்துத் தின்னவேண்டியிருப்பதால் கையின் வேலை வாயின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றது. வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளைக்கு எட்ட இருபது நிமிடங்கள் ஆகும் என்பர். அவித்த கடலை அந்த அவகாசத்தைத் தருகின்றது. உடைத்து, வறுத்து, உப்பும் மிளகாயும் தூவிய பொட்டலம் அதைத் தருவதில்லை. கடலை மிட்டாயோ வெல்லத்தையும் உடன் சேர்த்துக்கொள்கின்றது. செக்கிலாட்டிய கடலெண்ணெய் நல்லதென்று கூறித் தாராளமாய் ஊற்றுவோர்க்கும் ஒரு சொல்: எந்த எண்ணெயாயினும் தேக்கரண்டி ஒன்றுக்கு 45 கலோரி.

ஊரின் பெயரைச் சொல்லும்போது ஒன்று நினைவிற்கு வருகின்றது. திண்டிவனம் என்பது திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதன் திரிபென்று கூறுவர். புளி கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்வோரும் உளர். குழம்பில் கரைத்த புளி நாவுக்குச் சுவை தரும். கொழுப்பைக் கரைப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. கொடம்புளிச் சாற்றில் செய்த மெலிவு மாத்திரைகளோ, பயன் ஐயத்திற்குரியதாயிருக்க, சிலர்க்கு ஈரல் கேட்டையே விளைவித்துள்ளன.

காய்கறிகளைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. கோடையில் வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடல், முருங்கை, மழைக்குப்பின் கீரைகள், பனியில் அவரை, முள்ளங்கி, மொச்சை, பூசணி. இவற்றுள் மொச்சை ஒன்று நீங்கலாக மற்றவை கலோரி குறைந்தவை. மொச்சையும் பருப்பினமாதலால் கறிக்கு மாற்றாகும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருவர் நாளொன்றுக்குக் காயும் கீரையுமாக 400 கிராமும் பழமாக 100 கிராமும் உண்ணவேண்டும் என்கின்றது. மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றும் கூறுகின்றது. நம் இலையைப் பார்த்தால் சோறு மலையாகவும் பொரியல் அதன் அடிவாரத்துச் சிற்றூராகவும் இருக்கின்றது. இவ்விரண்டின் இடத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

ஆடியில் தெருமுனைகளில் விற்கும் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் பற்றி ஒரு வினா எழும். கம்பும் கேழ்வரகும் அரிசிக்கு நிகரான கலோரி உடையனவே. ஆயினும் நார் மிகுதி. கூழாகக் கரைக்கும்போது ஒரு பிடி மாவு ஒரு செம்பு நிறைகின்றது. சின்ன வெங்காயமும் மோரும் துணையானால் காலை உணவு அத்துடன் போதும். ஆனால் கூழ் குடித்துவிட்டு, அது உணவன்று என்று கருதி, இட்டிலியும் உண்பவர்க்குக் கம்பு எவ்வாறு உதவும்?

கடலுணவிலும் பருவம் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கீழைக்கடலில் மீன்பிடிக்கத் தடை உள்ளது. அந்நாள்களில் மீன் அருகி, ஆட்டிறைச்சியும் கோழியும் இலையில் மிகுகின்றன. நெத்திலிக் குழம்புக்கும் கொழுப்பு மிதக்கும் ஆட்டுக்கறிக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அக்கோடைதான் திருமணங்களும் விருந்துகளும் மலியும் காலம் என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும்.

விருந்தைச் சொன்னால் நோன்பையும் சொல்லவேண்டும். பிறை வழி ஆண்டு கதிரவன் வழி ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்ததாதலால், ரமளான் திங்கள் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஆறு பெரும்பொழுதுகளையும் சுற்றி வந்துவிடுகின்றது. 2017இல் கடும் வேனிலில் வந்த நோன்பு, 2026இல் பின்பனிக்கு நகர்ந்துவிட்டது. நோன்பு திறக்கும் பொழுதின் உணவும் அதற்கேற்ப மாறுவதே முறை. வேனில் நோன்பிற்கு வெள்ளரியும் தர்ப்பூசணியும். பனி நோன்பிற்கு அவித்த கடலையும் காய்கறிக் குழம்பும். நோன்புக் கஞ்சியைப் பொறுத்தவரை, அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், புதினா சேர்ந்த அக்கஞ்சி நீர்த்தன்மையால் வயிற்றை நிறைப்பது. தேங்காய்ப்பாலை அளவோடு நிறுத்தினால் குறையொன்றுமில்லாதது. எடையைக் கூட்டுவது கஞ்சியன்று. அதன் இருபுறமும் வந்தமரும் சமோசாவும் வடையும் பஜ்ஜியும் இனிப்புச் சர்பத்துமே. பகலெல்லாம் வெறும் வயிற்றோடிருந்தும் திங்களிறுதியில் எடை கூடியோர் நம்மிடையே பலர் உளர். அதற்குக் காரணம் வேறெங்குமில்லை. அந்த ஒரு தட்டில்தான் இருக்கின்றது.

கணக்காகச் சொன்னால் செய்தி எளிது. ஒரு கிண்ணம் சோறு ஏறத்தாழ 200 கலோரி. நண்பகலில் மூன்று கிண்ணம் உண்பவர் ஒன்றைக் குறைத்து, அவ்விடத்தில் சுரைக்காய்ப் பொரியலோ கீரைக்கூட்டோ வைத்துக்கொண்டால் 130 கலோரியேனும் மிச்சம். நாளுக்கு மூன்று தேநீரில் இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரையை நிறுத்தினால் 120. மாலையில் முக்கால் மணி நேரம் விரைந்து நடந்தால் 150. மொத்தம் 400. உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய 7,700 கலோரி குறையவேண்டும் என்பர். எனவே திங்களுக்கு ஒன்றரைக் கிலோ குறையும். நாளாக நாளாக உடலும் தன் செலவைக் குறைத்துக்கொள்வதால் வேகம் தணியும். அது கண்டு சோர்வுறல் வேண்டா. ஆறு திங்களில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே குருதியழுத்தமும் சர்க்கரையும் தாழத் தொடங்கும்.

எடை குறையவில்லையே என்று முயற்சியைக் கைவிடுவோர்க்குச் சென்னையில் நிகழ்ந்த ஆய்வொன்றைக் கூறுதல் பொருத்தம். மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கண்காணித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரில் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 28 அளவு குறைந்தது. இதில் வியப்பென்னவெனில், அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. தராசின் முள் அசையாதபோதும் உடலின் உள்ளே நன்மை நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆடவர், பெண்டிர் இருபாலர்க்கும் இது பொருந்தும். ஆனால் நம் ஊர்களில் மாலை நடை ஆடவர்க்கே உரியதுபோல் ஆகிவிட்டது. பெண்டிர் நடக்க ஒளியும் பாதுகாப்பும் உள்ள திடலொன்றை ஒவ்வோர் ஊரிலும் பெரியவர்கள் முன்னின்று ஏற்படுத்தினால், எந்தப் பருவக் கனியும் தராத பயனை அது தரும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, மூலிகை எதனையும் பெயர் சுட்டிக் கூறாமல், முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் பேசுவது இங்கு நோக்கத்தக்கது. பருவத்தை அறிவது ஒரு பாதி. பசியை அறிவது மறு பாதி.

சிலர்க்கு மட்டும் தனி அறிவுரை தேவை. கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைப்பில் இறங்கலாகாது. வளரும் பிள்ளைகளுக்குச் சோற்றைக் குறைப்பதினும் பொரித்த தின்பண்டங்களைக் குறைத்து விளையாட விடுவதே ஏற்றது. சிறுநீரகம் பழுதுற்றோர் இளநீர், வாழைப்பழம், கீரை ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டே கொள்ளவேண்டும். அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்காகலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் குருதியில் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கமுறலாம். அவர்கள் உணவை மாற்றுமுன் மருந்தின் அளவை மருத்துவரிடம் மாற்றிக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். நோன்பு நோற்க எண்ணுவோர் ரமளானுக்கு இரண்டு திங்கள் முன்னரே அவரைக் காண்பது நன்று.